கதவுக்கு நீலச் சீட்டு

கதவை ஆணாக்கிவிட்டு, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் மேசைப் பக்கம் திரும்பினார். மேசையைப் பெண்ணாக்க ஒரு சிவப்புச் சீட்டு போதும். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் சமையலறையையும் ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

வீடு முழுக்க அவள் ஒட்டிவைத்த சீட்டுகள்தான். அவள் படிக்கிற ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் டேர், டீ, டாஸ் என்று மூன்றில் ஒன்று வந்து நிற்குமாம். ஆண் பொருளுக்கு நீலச் சீட்டு, பெண் பொருளுக்குச் சிவப்பு, இரண்டும் இல்லாததற்குப் பச்சை.

"ரெண்டு பேரும் சேர்ந்தே கத்துக்கலாங்க" என்று ஆரம்பத்திலேயே அவள் கூப்பிட்டாள்.

"மேசைன்னா நமக்கு அது. அத்தோட விட்டுடணும். அதுக்குப் போய் ஆம்பளையா பொம்பளையான்னு பாக்குற பாஷை எனக்கு வேணாம்மா" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஜெர்மனி ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை அவளுக்குத் தயாராக இருந்தது. "இந்தப் பரீட்சை மட்டும் முடிஞ்சா கிளம்ப வேண்டியதுதான்" என்று போன வாரம் சொன்னாள். அவள் இல்லாத வீட்டில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை மெக்கானிக்கால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போகாதே என்று வாய்விட்டுச் சொல்ல வீம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் சீட்டில் கைவைத்தார்.

முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினார். சாயங்காலம் வந்தவள் கரண்டியைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

"இதுக்குத் தப்பா சிவப்பு ஒட்டிட்டேன்னு டூட்டி பூரா கவலைப்பட்டேங்க. பாருங்க, என்னையறியாம நீலந்தான் ஒட்டியிருக்கேன்."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. கெடுக்கப் போய் உதவியல்லவா பண்ணியிருக்கிறார். அவள் ஒட்டியதிலேயே தப்பு இருக்கிறதென்றால், எது சரி என்று தெரியாமல் எதை எப்படித் தப்பாக்குவது?

நல்லவேளையாக அகராதியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அது எப்போதும் அவர் உட்காருகிற சோபாவின் கைப்பிடியிலேயே கிடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சாமானுக்கும் அதைப் புரட்டி, சரியானதைத் தெரிந்துகொண்டு, அப்புறம் கவனமாகத் தப்பானதை ஒட்டினார். அவளும் சளைக்காமல் புதுப்புதுச் சீட்டுகளாக ஒட்டிக்கொண்டே போனாள். தலையணை, சாவி, கடைசியில் அவருடைய ஸ்பேனரைக்கூட விட்டுவைக்கவில்லை.

கரண்டி ஆணாம், முள்கரண்டி பெண்ணாம், கத்தி இரண்டும் இல்லையாம். ஒரே டப்பாவில் கிடக்கிற மூன்றுக்குள் ஒரு ஒற்றுமை வேண்டாமா என்று மெக்கானிக்குக்கு ஆத்திரமாக வந்தது. வேலைக்குப் போன வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்ததும் அவர் வாய் தானாக "டேர்" என்று முணுமுணுக்க, கம்ப்ரஸர் போய்விட்டதாக்கும் என்று வீட்டுக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பிடும்போது மனைவி சத்தமாக வாக்கியம் படிப்பாள். படிப்பதெல்லாம் தப்பு. ஒருநாள் கத்தியைத் தூக்கிப் பிடித்து, "டீ மெஸ்ஸர்" என்றாள். தொண்டை வரைக்கும் வந்துவிட்ட "டாஸ்"ஸை மெக்கானிக் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார்.

"என்னங்க, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல, விக்கல்."

பரீட்சை அன்று காலையில் அவரே வண்டியைத் துடைத்து வெளியே எடுத்தார். "உங்க அடையாள அட்டையையும் எடுத்துக்கோங்க. இல்லாம உள்ள விட மாட்டாங்க" என்றபடி அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மரத்தைப் பெண் என்றாள், பாலத்தை ஆண் என்றாள். ஒன்றுகூடத் தேறவில்லை. திட்டம் பலித்த சந்தோஷம் மெக்கானிக்குக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் ராத்திரி டூட்டி முடித்து வந்தும் தூங்காமல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அவள் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பரீட்சை மையத்தின் வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவருக்குப் பாவமாக இருந்தது. தன்மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

"நில்லும்மா" என்று அவள் கையைப் பிடித்தார். "மரம் ஆண். பாலம் பெண். கதவு பெண், மேசை ஆண், ஜன்னல் ரெண்டும் இல்ல. தலையணையும் ரெண்டும் இல்ல. சாவி ஆண், கடிகாரம் பெண்."

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "கரண்டி?"

"ஆண். முள்கரண்டி பெண், கத்திக்கு டாஸ். எல்லாச் சீட்டையும் நான்தான் மாத்தி மாத்தி ஒட்டினேன். நீ ஃபெயிலாகணும்னுதான் ஒட்டினேன். நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லு. மன்னிச்சுடும்மா. இப்பவாவது சரியா எழுதிட்டு வா."

கோபப்படுவாள், அழுவாள் என்று அவர் தலைகுனிந்து நின்றார். அவள் கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினாள். கூடவே ஒரு ஹால் டிக்கெட்டை அவர் கையில் வைத்தாள். அதில் அவருடைய போட்டோ ஒட்டியிருந்தது.

"நான் போன வருஷமே பாஸாயிட்டேங்க. நீங்களும் பாஸானாத்தான் என்கூட வர விசா தருவாங்களாம். உள்ள போங்க, பரீட்சை உங்களுக்கு."