கடைசி டிஸ்க்

பெரிய வீடியோவை ஆறு சின்ன ஃப்ளாப்பி டிஸ்க்குகளாகப் பிரித்து எடுத்து வந்திருந்தார் அவர்.

“இன்னிக்கும் கடைசி டிஸ்க் படிக்கலையா?” என்று அலுத்துக்கொண்டாள் அந்த வீட்டுப் பெண்.

“ஒரு துண்டு போனாலும் முழுசும் சேராது. அடுத்த ஞாயிறு வேற காப்பி கொண்டு வரேன்.”

“மூணு வாரமா இதே பாட்டு! உங்க கம்ப்யூட்டரும் இங்க இருக்கறதும் வேற வேற சிஸ்டம். ஒத்துப்போகலைன்னா விட்டுத் தொலைங்களேன்.”

அவள் உள்ளே போய்விட்டாள். வாரந்தோறும் ஓடிவந்து அவரிடம் டிஸ்க்கை வாங்கிப்போகும் சிறுமி மட்டும் கையை இறுக மூடியபடி நின்றாள்.

“கையில என்ன?”

விரித்தாள். பொம்மை ரயிலின் காந்தம். காந்தம் பட்டால் டிஸ்க் அழிந்துவிடும் என்று முதல் வாரமே அவளை எச்சரித்தவர் அவர்தான்.

“ஏம்மா இப்படிப் பண்ணினே?”

“வீடியோ சேர்ந்துட்டா, நீங்க இங்க வரவே வேண்டாம்னு அம்மா சொன்னாங்க, அப்பா.”

அந்தச் சின்ன விரல்களை மெல்ல மடக்கி மூடினார்.

“அடுத்த ஞாயிறும் டிஸ்க்கை உன் கையிலதான் கொடுப்பேன்.”