மாதா கோவில் மண்

பங்குக் கோவிலில் மத்தியானச் செபத்துக்கான திரிகால மணி அடிக்கையில் சவிரி பொத்திய கையை மனைவி மதலேனிடம் விரித்தான்.

"மடு மாதா கோவில் மண். நஞ்சும் நோயும் தீர்க்கிற மண். ஆமிக்காரரிட்டக் கெஞ்சிப் போய் எடுத்து வந்தனான்."

வாந்திபேதி ஊரைவிட்டுப் போய்விட்டது. ஆனால் அது தன் தங்கையைக் கொண்டுபோன பயம் மதலேனை விடவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தாலும் துப்பினாள். இளநீரில்தான் உயிர் ஓடியது. ஆமி பாதையை மூடியபின் அதுவும் வரவில்லை. நேற்றிலிருந்து அவள் எழும்பவே இல்லை.

சவிரி மண்ணைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடித்துக் கொடுத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தாள். இன்னொரு கோப்பை கேட்டாள்.

"பாத்தியே, மாதா கைவிடேல்லை." அவன் கோப்பையை மறுபடி நிரப்பினான்.

"படுத்தபடியே யன்னலால பாத்தனான். எங்கட கோழிக்கூட்டடியில அழுதழுது அள்ளினீங்கள். அள்ளினதுதான் அள்ளினீங்கள், வேப்பமரத்தடியில அள்ளியிருக்கக் கூடாதோ?"