பறக்கும் கிண்ணம்

சூப் கிண்ணம் சுழன்று பறந்து வந்து அந்த ஆளின் முகத்தில் மோதியது. கன்னமெல்லாம் சூடான சூப் வழிய அவன் மல்லாந்து விழுந்தான். அறையில் இருந்த ஆறு பேரும் கை தட்டினார்கள்.

"இன்னொரு தரம் போடுங்க!" என்றார் மேலாளர்.

அசைவுகளை வரையும் அனிமேட்டர் பொத்தானை அழுத்தினார். திரையில் சமையல்காரி மறுபடி ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்தாள், முகம் சுளித்தாள், மணிக்கட்டை மட்டும் ஒரு வெட்டு வெட்டிக் கிண்ணத்தை வீசினாள். எதிரே நின்ற குத்துச்சண்டைக்காரன் மறுபடி விழுந்தான்.

அந்தக் கணினிச் சண்டை விளையாட்டில் மோதுபவர்கள் பதினோரு பேர். ஒருவன் நெருப்பை எறிவான், ஒருத்தி மின்னலை எறிவாள். சாப்பாட்டை எறிபவள் இவள் ஒருத்திதான். மூன்று வாரமாக உப்புச்சப்பில்லாமல் கிடந்த அவளுடைய வீச்சுக்கு இன்றைக்குத்தான் உயிர் வந்திருந்தது.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் குண்டூசி. விளையாட்டை ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. அதனால் வந்த பெயர். "சமைச்சவளே ருசி பாத்து மூஞ்சியைச் சுளிக்கிறாளே, ஏன் சார்?"

"வரையறப்ப எனக்கு அப்படித்தான் வந்துச்சு" என்றார் அனிமேட்டர்.

"போகட்டும், சிரிப்பா இருக்கு. ஆனா கையைப் பாருங்க, அச்சு அசல்! இதெல்லாம் எங்க பாத்தீங்க?"

"வீட்லதான்." வாய் தவறி வந்துவிட்டது.

மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட பாவமே! வீட்ல இவ்வளவு நடக்குதா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

அனிமேட்டர் வாயைத் திறந்தார். ஆறு பேரின் சிரிப்பில் அது தானாக மூடிக்கொண்டது. அவரும் சிரித்து வைத்தார்.

மறுநாள் அவர் மேஜை மேல் யாரோ ஒரு ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள். "சார், இன்னைக்குச் சாப்பாட்டுல உப்பு சரியா இருந்துச்சா?" என்று வாசல் காவலர்கூடக் கேட்டார். கட்டினவளை ஊர் சிரிக்க விட்டுவிட்டோமே என்று அவருக்குக் கூசியது. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இரண்டு மாதம் போய்விட்டது.

விளையாட்டைச் செய்து முடித்ததும், வேலை செய்தவர்களின் குடும்பத்துக்கு அதைப் போட்டுக் காட்ட ஒரு மத்தியானம் ஏற்பாடாயிற்று.

"உனக்குப் போரடிக்கும். வர வேண்டாம்" என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா அதையே கட்டிக்கிட்டு அழுதீங்களே, என்னதான் செஞ்சீங்கன்னு நான் பாக்க வேண்டாமா?" என்று கிளம்பிவிட்டாள். அவளுக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. சத்தம் போடாதீர்கள் என்று சொல்லக்கூடச் சத்தம் போடாதவள்.

கூட்ட அறையில் நாற்காலி போதவில்லை. அவள் உள்ளே நுழைந்ததுமே ஒருவருக்கொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். "இந்த அக்காவா? நம்பவே முடியலையே!" என்று குண்டூசி கிசுகிசுத்தது அனிமேட்டர் காதில் விழுந்தது.

விளக்கை அணைத்தார்கள். நெருப்பு வந்தது, மின்னல் வந்தது. பிறகு சமையல்காரி வந்தாள். கரண்டி, சுளிப்பு, வீச்சு. அறையே அதிர்ந்து சிரித்தது. அனிமேட்டரின் மனைவி மட்டும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

விளக்கு வந்ததும் மேலாளர் நேராக அவளிடம் வந்தார். "மேடம், இந்த வீச்சுக்கு நீங்கதான் குருவாமே! உண்மையைச் சொல்லுங்க, வீட்ல கிண்ணம் பறக்குமா?"

இப்போதாவது சொல்ல வேண்டும் என்று அனிமேட்டர் நினைத்தார். "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார்.

அவள் திரையைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவருடைய காது சிவந்திருந்ததையும், கண் தரையை விட்டு எழாததையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி மெதுவாகத் தலையாட்டினாள்.

"ஆமாங்க. கோவம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது."

கை தட்டல் காதைப் பிளந்தது.

"எங்க பட்டுச்சு அக்கா?" என்றாள் குண்டூசி ஆவலாக.

"காதுக்குப் பின்னாடி. நாலு தையல். நல்ல வேளை, கண்ணுல படல."

சிரிப்பு கொஞ்சம் தடுமாறி, பிறகு மறுபடி கிளம்பியது. மேலாளர் அனிமேட்டரின் முதுகில் தட்டினார். "பொறுமைசாலிய்யா நீங்க!"

ஒவ்வொரு தட்டுக்கும் அவர் ஒரு விரற்கடை குறுகிப்போனார். கேக் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் அவள் சிரித்தாள்.

வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோது இருவர் மட்டும்தான். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், மூடியிருந்த கதவைப் பார்த்துக் கேட்டார்.

"நீ ஏன் அப்படிச் சொன்னே? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவள் கலைந்த முடியை இழுத்துக் காதுக்குப் பின்னால் மூடிக்கொண்டாள்.

"எறிஞ்சது என் புருஷன்னு சொல்ல எனக்கு வெட்கமா இருந்துச்சு."