நோலன் துரையின் மண்கோட்டை

அயர்லாந்திலிருந்து வந்த கடிதத்தை இரண்டாம் முறையாகப் படித்துவிட்டு மடித்து வைத்தார் பினாங்கு சர்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி வைத்திலிங்கம்.

"கிளேர் ஜில்லா சரித்திரச் சங்கத் தலைவர்தானே? இந்த வாட்டி துரையை என்னன்னு திட்டுறாரு?" என்றாள் மனைவி தாயம்மா.

"திட்டல. தோத்துட்டேன்னு எழுதியிருக்காரு. அந்த ஜில்லா மண்கோட்டையைக் கட்டினது டென்மார்க்காரன் இல்ல, அயர்லாந்துக்காரன்தான்னு எங்க ஆபீஸ் நோலன் துரை சொன்னதே சரியாம்."

"ஒரு மண்மேட்டுக்குப் பத்து வருஷம் சண்டை. வெள்ளைக்காரனுக்கு வேற வேலை இல்ல லா."

"ரெண்டு வருஷமா துரையோட கட்டுரை ரொம்பத் தெளிவா இருக்காம். அந்த மண்ணில பொறந்தவனாலதான் இப்படி எழுத முடியுமாம். அடுத்த மாசம் சிங்கப்பூர் போற வழியில பினாங்குல எறங்கி, துரை கையைக் குலுக்கணுமாம்."

தாயம்மாவின் முகம் மாறியது. "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"துரையையே கேக்கிறேன்" என்று கிளம்பினார் வைத்திலிங்கம்.

வெஸ்டர்ன் ரோடு மயானத்தில் நோலன் துரையின் கல்லறை முன் நின்று கடிதத்தை உரக்கப் படித்தார். துரை இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் பிறந்து, எதிர்க்கரைக்குப் போகும் பட்டர்வொர்த் படகைத் தவிர வேறெந்தக் கப்பலிலும் ஏறாத வைத்திலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்க தோத்த மேனிக்கே போயிட்டீங்களேன்னு மனசு கேக்கல, துரை. உங்க குறிப்பை வச்சு, உங்க பேர்ல நானே எழுதிட்டு வந்தேன். சண்டையை முடிச்சாச்சு. அவருக்குக் கை குடுக்கிறதை மட்டும் நீங்க பார்த்துக்கணும்."