பத்துக்கு ஆறு

"பத்துக்கு ஆறு. அதுக்கு மேல ஒரு மார்க்கு கூடப் போட மாட்டேன்" என்றார் சூசைராஜ், புகையை மூக்கு வழியாக விட்டுக்கொண்டே. "காரம் கீது, மணம் பத்தல. கடைச் சரக்கு இல்ல, வூட்ல சுத்தினது."

பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்த தாயம்மா மார்க்கைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாரு சுருட்டுணா? அத்த சொல்லுங்க" என்றாள்.

தங்கவயல் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் சூசைராஜின் பெட்டிக்கடைக்கு இது வழக்கமான சோலிதான். பென்ஷன்காரர்கள் எங்கிருந்தாவது லேபிள் இல்லாத சுருட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மனுசன் கண்ணை மூடி ரெண்டு இழுப்பு இழுத்து, எந்த ஊர், யார் கைச் சுற்று என்று சொல்லி மார்க்கும் போட்டுவிடுவார். நல்லவேளை நீ வாத்தியார் வேலைக்குப் போகவில்லை, ஒரு பிள்ளையும் பாஸாகியிருக்காது என்று கிண்டலடிப்பார்கள்.

இன்றைக்கு அந்தக் கிண்டலுக்கு இடமில்லை. தாயம்மாவின் புருஷன் பெருமாள் போய்ச் சேர்ந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. சூசைராஜோடு ஒரே ஷிப்டில் ஒரே கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறின கூட்டாளி. சுரங்கத்துத் தூசி நெஞ்சை அடைத்து, கொல்லைக்குப் போய்வரவே இளைத்து இளைத்துச் செத்தான்.

"காக்கா சோறு எடுக்கலணா" என்றாள் தாயம்மா. "வடை வச்சேன், கறி வச்சேன், பிராந்தி கூட வாங்கியாந்து வச்சேன். ஓட்டு மேல வந்து குந்துது, பாக்குது, பறந்து பூடுது. வர அமாவாசைக்கும் எடுக்கலன்னா அந்த மனுசன் பசியோடதான அலையணும்? எனக்குத் தொண்டையில சோறு எறங்க மாட்டேங்குது. இந்தச் சுருட்டு அவரு ஸ்வெட்டர் பாக்கெட்டுல இருந்துச்சு."

ஓகோ, இதுதான் விஷயமா என்று சூசைராஜுக்குப் புரிந்தது. செத்தவனுக்கு ஆசையானதை வைக்காவிட்டால் காக்காய் வாய் வைக்காது. அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் காக்காய் விஷயத்தில் தங்கவயல்காரன் எவனும் சிரிக்க மாட்டான்.

அவள் கொண்டுவந்தது பிடித்து அணைத்த சுருட்டு. கருகாத பாதியை பிளேடால் நறுக்கித்தான் அவர் இழுத்துப் பார்த்திருந்தார். யார் கைச் சுற்று என்று நிதானிக்க, மிச்சப் பாதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

கருகின முனையை ஒட்டியே பல் தடம் இருந்தது. எச்சில் ஊறிக் காய்ந்த கறையும் அங்கேதான். தாம் இழுத்த பாதியில் யாருடைய பல்லும் பட்ட அடையாளமே இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

இது நெருப்பை வாய்க்குள் வைத்துப் பிடித்த சுருட்டு. ஆந்திராவில் கடலோரத்துப் பெண்கள் சிலர் அப்படிப் பிடிப்பார்கள். ஸ்கெலட்டனில் அப்படிப் பிடித்தவள் ஒரே ஒருத்திதான், அந்தப் பக்கத்திலிருந்து வாழ வந்து, புருஷனைச் சுரங்க ஷாஃப்டுக்குப் பறிகொடுத்த வெங்கடம்மா. மைன்ஸ் மூடினதும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பூதிகோட்டைக்குப் போய்விட்டாள்.

பெருமாளும் வெள்ளிக்கிழமை தவறாமல் நாட்டு மருந்துக்கென்று பூதிகோட்டை பஸ் ஏறுவான். திரும்பும்போது சட்டையெல்லாம் சுருட்டு வாடை அடிக்கும். கேட்டால், பக்கத்து ஸீட்காரன் பிடித்தான் என்பான். அடப்பாவி பெருமாளு, மூச்சு விடவே ததிகிணத்தோம் போட்டவன் நீ எங்கே சுருட்டுப் பிடித்தாய்?

சூசைராஜ் தாயம்மாவைப் பார்த்தார். அவன் துப்பின கோழையை முகம் சுளிக்காமல் அள்ளிக் கொட்டினவள் இவள். வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்த சட்டையை எடுத்துக் கொடுத்து, மருந்து கேக்குதாய்யா என்று விசாரித்தவளும் இவள்தான். தாலி இறங்கின கழுத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? பொய் சொன்ன பாவம் தன் தலையோடு போகட்டும் என்று முடிவு பண்ணிவிட்டார்.

"நம்ம வேலூர் பக்கத்துச் சுருட்டுதாம்மா" என்று சிரிக்கப் பார்த்தார். "எங்கிட்ட இருந்துதான் எடுத்துனு போவான். நான்தான் மறந்து பூட்டேன்."

கடையில் இருந்ததிலேயே உசத்தியான சுருட்டுக் கட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். "அமாவாசைக்கு இத்த வச்சுப் பாரு. காக்கா ஓடியாந்து எடுக்கும்."

தாயம்மா கட்டை எடுத்துப் பெஞ்சு மேல் வைத்தாள். கருகின பாதியை மட்டும் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். அவள் அழவில்லை.

"வெங்கடம்மா கையால ஒரு பிடி சோறு வைக்கச் சொல்லுங்கணா."