இரண்டு பெட்டி, ஒரு டிவி

டிவிக்குக் கீழே இரண்டு புது டிஸ்க் பிளேயர்கள் உறுமிக்கொண்டிருக்கின்றன. ஒன்று அண்ணன் வாங்கியது, மற்றது தம்பி வாங்கியது. ஒன்றின் டிஸ்க்கை மற்றது விழுங்காது. எதில் படம் மட்டமோ அதைச் சாயங்காலத்துக்குள் கடையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இரண்டிலும் ஒரே குத்துச்சண்டைப் படம். காலையிலிருந்து அதே குத்து, அதே புருவம், அந்தரத்தில் நிற்கும் அதே ரத்தத்துளி. டீத் தட்டோடு கதவருகே நிற்கும் அண்ணிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. சொன்னால் தலை உருளும். "உன்னோட ரத்தச் சிவப்பு செங்கல் பொடி மாதிரி இருக்குடா," என்கிறான் அண்ணன். "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு," என்கிறான் தம்பி. சொல்லி வாய் மூடவில்லை, அண்ணன் கையிலிருக்கும் ரிமோட் தம்பியின் புருவத்தில் சளாரென்று இறங்குகிறது. பேட்டரிகள் தரையில் உருண்டோடுகின்றன. தம்பி பாய்ந்து அண்ணன் வயிற்றில் முட்ட, ஜன்னல் திரைச்சீலை கம்பியோடு பிய்ந்து விழுகிறது; மத்தியான வெயில் சுள்ளென்று உள்ளே பாய்கிறது. அண்ணியின் தட்டில் கோப்பைகள் கடகடக்கின்றன. அண்ணன் தம்பியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திழுத்து, ரத்தம் வழியும் முகத்தைத் தன் பிளேயரின் படம் உறைந்து நிற்கும் டிவியோடு சேர்த்து அழுத்துகிறான். "இப்ப சொல்லு, என்னோட சிவப்புதானே இது?" என்று மனைவியிடம் கத்துகிறான். தம்பி ரத்தத்தில் நனையாத கண்ணைத் திறந்து, பக்கவாட்டில் திரையை உற்றுப் பார்க்கிறான். "முடியை விட்டுடாதே, அப்படியே பிடிச்சுக்கோ," என்கிறான். "அண்ணி, ரத்தம் காயறதுக்குள்ள என்னோடதையும் போட்டுக் காட்டுங்க."