தலையாட்டாத கிடா

"வாக்காளப் பெருமக்களே! உங்கள் சம்மதத்தோடுதான் உங்களை வெட்டப்போகிறேன்!"

மந்திரி வேடத்தில் இருந்த பிரவீன்குமார் வசனம் பேசிவிட்டு, கறுப்புக் கிடாவின் மேல் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றினான்.

கிடா அசையவில்லை.

"கட்!"

டைரக்டர் அறிவுச்செல்வன் தலையில் அடித்துக்கொண்டான். ஐந்து நிமிடக் குறும்படம். சாயங்காலத்துக்குள் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். ஆடுதான் மக்கள். அது தலையாட்டினால்தான் படமே.

ஆறாவது சொம்பும் காலி. தண்ணீர் உடம்பில் ஒட்டாமல் வழிந்தது. கிடா கேமராவையே வெறித்துக்கொண்டு நின்றது. நார்த்தாமலைப் பாறைக்காற்றுகூட அடங்கிவிட்டது. வேடிக்கை பார்த்த கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல தம்பி," என்றார் கிடாவின் சொந்தக்காரர் அய்யாக்கண்ணு. கையில் அரிவாள். "கருப்பருக்கு நேந்துவிட்டது. மூணு வருசமாத் தண்ணி தெளிக்கிறோம், தலையாட்ட மாட்டேங்குது. உத்தரவில்லாம வெட்டக் கூடாதுல்ல? இன்னைக்கு ஆட்டிருச்சுன்னா இங்கனயே வெட்டிருவேன். அதுக்குத்தான் படத்துக்கே குடுத்தேன்."

"சாமியும் இல்ல, பூதமும் இல்லங்க. காதுல தண்ணி போனா எந்த ஆடும் தலையாட்டும்!"

மேடைக்கு மேடை இதையே பேசி ஊரில் பேர் வாங்கியவன் அறிவுச்செல்வன்.

பிரவீன்குமார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "டேய், அது கண்ணே சிமிட்டலடா. அந்தம்மாவப் பாரு."

கிடாவின் பின்னால் அய்யாக்கண்ணுவின் மனைவி மூக்காயி. காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு மட்டும் விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"செய்வினைக்காரி," என்று கூட்டத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

அறிவுச்செல்வன் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு தானே போனான். கிடாவின் கழுத்தைப் பிடித்ததும், சொல்ல வெட்கம், அவனுக்கே முதுகு சில்லிட்டது.

கையெல்லாம் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தான். விளக்கெண்ணெய்.

காது மடலை விரித்தான். உள்ளே ஆழத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பஞ்சு!

மூன்று வருடமாக ஊரை ஏமாற்றும் கள்ளியைக் கையும் களவுமாகப் பிடித்த வேகத்தில் நிமிர்ந்தான். இவ்வளவு கிட்டத்தில் அவள் முணுமுணுப்பு தெளிவாகவே கேட்டது.

"ஆட்டிராதய்யா... எஞ்சாமி, ஆட்டிராத..."

பஞ்சை இழுத்துவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். படம் முடிந்துவிடும். அய்யாக்கண்ணு அரிவாளை மாற்றிப் பிடித்தார்.

அறிவுச்செல்வன் விரலால் பஞ்சை இன்னும் உள்ளே தள்ளினான். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தலைக்கு மேல் இரண்டு கைகளையும் கூப்பினான்.

"சாமி உத்தரவு குடுக்கலங்க! பேக்கப்!"